பத்தொன்பது கிலோ பழம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
28.11.2004

தம்பி வின்சென்ற்,

நீ தொலைபேசி எடுத்து எடுத்துக் களைத்திருப்பாய். வயரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் "அக்கா, அக்கா" என்று குழைவாய், நானும் இளகிவிடுவேன். தாளில் குழைய முடியாது. இனி உனக்கும் எனக்கும் கடிதம்தான்.

மோசல் ஆற்றங்கரையிலிருந்து நான் திரும்பி மூன்று கிழமை. பதினாறு ஒக்டோபர்களாக, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் கிடைக்கும் விடுமுறை முழுவதையும் நீ வேலை செய்யும் அந்த முந்திரிகைத் தோட்டத்தின் சரிவில் செலவழித்தேன். ஆற்றில் குளித்தேனா, கோட்டை பார்த்தேனா? மேல் வரிசையில் நின்று, பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய திராட்சைப் பழங்களை ஒவ்வொன்றாக ருசி பார்த்துச் சிறிய வாளியில் போட்டேன். நல்ல பூஞ்சணம் பழத்தின் தண்ணீரைக் குடித்துவிட்டு இனிப்பை விட்டுவைக்கும். கெட்ட பூஞ்சணம் புளிக்கவைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். பிரித்துச் சொல்வது நாக்கு. இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஸ்டோவ்னர் நூலகத்தில் நொர்வேஜிய மொழிப் புத்தகங்களை எடுத்து, அகராதியோடு இருந்து நானே படித்தேன். அந்தப் பழத்தைப் பிழிந்து செய்யும் இனிப்பு வைனை ஒரு மிடறுகூட நான் குடித்ததில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

பழைய முதலாளிக் கிழவர் உயிரோடு இருந்தவரை மேல் வரிசைக்கு என்னைத் தவிர எவரையும் விடவில்லை. இப்போது அவருடைய மகள் கத்ரின் முதலாளி. திங்கள் மத்தியானம், பன்னிரண்டு பேர் சூப் குடித்துக்கொண்டிருந்த மேசையில் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"உங்கள் வாளிகளின் சாறு தண்ணீர் மாதிரி இருக்கிறது, அனஸ்ரேசியா. இந்த வருடம் அந்த வைன் இல்லை. உங்களுக்கு வயதாகிவிட்டது. நாக்குக்கும் வயதாகும்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்ன செய்தாய்? கரண்டியால் சூப்பில் கரட் தேடினாய். பிறகு எழும்பி வந்து என் காதில், "அக்கா, பேசாம விடுங்கோ, பிறகு பாப்பம்" என்றாய்.

பேசாமல் விட்டேன். அது பிழை. இப்போது பேசுகிறேன். என் நாக்கில் பிழை இல்லை. வருகிற ஒக்டோபரில் நான் மேல் வரிசையில் நிற்கவேண்டும். சொன்ன சொல்லை, சொன்ன அதே மேசையில் அவள் திருப்பி எடுக்கவேண்டும். இந்த இரண்டும்தான் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அனஸ்ரேசியா


மோசல்
19.12.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குப் பாலன் பிறப்பு வாழ்த்துக்கள். றோஸும் எங்கள் மகள் லீசாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். றோஸ் பலகாரம் சுட்டு அனுப்பியிருக்கிறாள். உடைந்திருந்தால் தபால்காரரின் வேலை.

அக்கா, நீங்கள் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள். கத்ரின் கெட்டவள் இல்லை. அவளிடம் கண்ணாடிக் குழல் இருக்கிறது. ஒரு துளி சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பின் அளவு இலக்கத்தில் தெரியும். அவள் அந்த இலக்கத்தை நம்புகிறாள். அந்த வைனின் பெயரைப் போத்தலில் போடுவதற்கு நூற்றைம்பது வேண்டும். இருக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் உங்களுக்காகக் கதைத்தேன். ஒரு வழி சொன்னாள். இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதுமாம். தவறு நடந்துவிட்டது, வருந்துகிறேன் என்று. ஜேர்மன் மொழியில் நானே எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்து வைத்தால் சரி. அடுத்த வருடம் வரலாம். மேல் வரிசை இல்லை, கீழே சாதாரணப் பழம் வெட்டலாம். உங்களுக்கும் முழங்கால் நோ. கீழ் வரிசை நல்லதுதானே.

கோபம் உடம்புக்கு ஆகாது அக்கா.

தம்பி
வின்சென்ற்


ஹவுகன்ஸ்டுவா
16.01.2005

தம்பி,

பலகாரம் உடையவில்லை. எண்ணெய் கொஞ்சம் பழசு. நாக்குக்கு வயதாகிவிட்டவள் சொல்கிறேன், றோஸிடம் சொல்லு.

நடந்தது என்ன, எதற்கு வருந்தவேண்டும் என்று தெரியாமல் நான் கையெழுத்து வைப்பதில்லை. என் முழங்காலுக்கு வழி தேடும்படி உன்னைக் கேட்கவுமில்லை.

போன சனிக்கிழமை என் குசினியில் ஒரு பரீட்சை நடந்தது. பக்கத்து வீட்டு அஜந்தா மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், நிறுத்துக் கலக்கத் தெரிந்தவள். ஆறு கோப்பைகளில் ஆறு விதமாகச் சீனித் தண்ணீர் கலக்கச் சொன்னேன். கீழ்த்தட்டு ஒட்வார் கிழவரைச் சாட்சியாகக் கூப்பிட்டேன்.

"அன்ரி, உங்களுக்கு டயபிற்றிஸ் இருக்கு. இதென்ன விளையாட்டு?" என்றாள் அஜந்தா.

"விழுங்கப் போறேல்லை பிள்ளை, துப்பத்தான் போறன். நீ கலக்கு."

ஒட்வார் ஏன் இதெல்லாம் என்று கேட்டார். என் தம்பிக்காக என்றேன். "உன் தம்பி சீனி வியாபாரியா?" என்று கேட்டார் மனுசன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்தேன். ஐந்தை இனிப்பு வரிசைப்படி வைத்துவிட்டேன். ஆறாவதில் நின்றேன். திரும்ப ருசித்தேன். "இதுவும் மூண்டாவதும் ஒண்டு. என்னை ஏமாத்தப் பாக்கிறாய்" என்றேன். அஜந்தா சிரித்த சிரிப்பில் ஒரு கோப்பை கவிழ்ந்தது. வேண்டுமென்றுதான் ஒன்றை இரண்டாகப் பிரித்து ஊற்றியிருக்கிறாள்.

கலந்த அளவுகள், நான் வைத்த வரிசை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, திகதி எல்லாம் உள்ள தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜேர்மன் மொழியில் நானே எழுதினேன். இலக்கணப் பிழை இருக்கலாம், பொய் இல்லை. கத்ரினின் கையில் கொடு.

அனஸ்ரேசியா


மோசல்
20.02.2005

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. நான் கொடுக்கவில்லை. கோபிக்க வேண்டாம். சீனித் தண்ணீரைக் காட்டினால் இங்கே என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். இருபது வருடம் வேலை செய்து வைன் கிடக்கும் பாதாள அறைப் பூட்டின் திறப்பு என் கைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஒருவனிடம் அந்தத் திறப்பைக் கொடுத்த தோட்டம் இந்தக் கரையில் வேறொன்றும் இல்லை.

நீங்கள் நம்பவேண்டும் என்பதற்காகப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன். சனிக்கிழமை, மேல் வரிசை, மூன்று சிறிய வாளி, இருபத்துநாலு கிலோ, இனிப்பு நூற்றிருபத்தொன்று. எழுதியது நான் இல்லை, பாதாள அறைக்காரர். இதில் நான் என்ன செய்ய முடியும்?

இங்கே பனி. லீசாவுக்குப் பரீட்சை. தயவுசெய்து தொலைபேசியைச் செருகுங்கள்.

வின்சென்ற்


ஹவுகன்ஸ்டுவா
02.03.2005

வின்சென்ற்,

இருபத்துநாலு கிலோ என்று எழுதியிருக்கிறாய். நன்றி. கடிதம்தான் நல்லது என்று நான் சொன்னது சரி.

நான் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் வாங்கிய கைத்தராசு ஒன்று என்னிடம் இருப்பதை நீ மறந்துவிட்டாய். கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு. ஒவ்வொரு வருடமும் வரிசை முடிந்ததும் வாளிகளை நானே நிறுத்து நாட்குறிப்பில் எழுதுவேன், எனக்காக. அந்தச் சனிக்கிழமை எழுதியது இதோ என் முன்னால் கிடக்கிறது. ஏழு, ஆறரை, ஐந்தரை. மொத்தம் பத்தொன்பது கிலோ.

பத்தொன்பது கிலோவாக வரிசையை விட்டுப் போன பழம் இருபத்துநாலு கிலோவாக எப்படிப் பாதாள அறைக்கு வந்தது? பிடுங்கிய பழம் வாளிக்குள் கிடந்து வளருமா? வேறு பழம் சேர்ந்திருந்தால் வாளி நிரம்பி வழிந்திருக்கும், பாதாள அறைக்காரர் கண்டிருப்பார். பழத்துக்குள்ளேயே போய்ப் பாரத்தைக் கூட்டி இனிப்பைக் குறைக்கக்கூடிய சாமான் உலகத்தில் ஒன்றுதான். தண்ணீர்.

அன்று மழை இல்லை. மத்தியானம் உழவு இயந்திரத்தில் வாளிகளை ஏற்றி முற்றத்துக்குக் கொண்டுபோனவன் நீ. பின்னேரம் பிழியும் வரைக்கும் அவை முற்றத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தன. யார் அங்கே நின்றது?

பதில் எழுது.

அனஸ்ரேசியா


ஹவுகன்ஸ்டுவா
10.05.2005

வின்சென்ற்,

இரண்டு மாதம். கேள்வி பெரியது இல்லை. ஒரு பெயரை எழுதினால் போதும்.

அ.


மோசல்
29.05.2005

அக்கா,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

றோஸ்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தோட்டத்தில் அவள் சமைக்கிறவள், கூட்டித் துடைக்கிறவள். சரிவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. முற்றத்தைக் கழுவ வந்தவள் வாளிகளைத் திறந்து பார்த்திருக்கிறாள். சாம்பல் பூஞ்சணம், சிலந்தி வலை, குளவி. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். வெள்ளைக்காரி கண்டால் எங்களுடைய ஆட்கள் குப்பை பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பாளே என்று. அரிசி களைவதுபோல மூன்று தண்ணீரில் களைந்து, வடித்து, திரும்ப வாளியில் போட்டு வைத்திருக்கிறாள்.

நான் பின்னேரம் வீட்டுக்குப் போனபோது பெருமையாகச் சொன்னாள். "எல்லாம் ஒரே பூஞ்சணம். மச்சாள் வேற வாய்க்குள்ள போட்டுப் போட்டுப் பிடுங்கினவ, எச்சில். ஆர் குடிக்கிறது? நான் வடிவாக் களைஞ்சு வைச்சிட்டன். இப்ப பாருங்கோ, முந்திரிகைப்பழம் மாதிரி இருக்கு."

நான் ஓடினேன். அதற்குள் பிழிந்துவிட்டார்கள்.

அக்கா, நான் என்ன செய்ய? அந்த மூன்று வாளி ஒரு வருடத்தின் வைன். கழுவியது என் மனைவி என்று தெரிந்தால் எங்களை நிற்கவிடுவார்களா? நாங்கள் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. நீங்கள் இரண்டு நாளில் ஒஸ்லோவுக்குப் போகிறவர். உங்களுக்கு ஒரு சொல்லோடு போய்விடும் என்று நினைத்தேன்.

றோஸுக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று தெரியாது. கழுவியதால்தான் கெட்டது என்பதையும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மன்னியுங்கள்.

வின்சென்ற்


ஹவுகன்ஸ்டுவா
12.06.2005

வின்சென்ற்,

முதலில் ஒன்று. எச்சில் என்றாளாமா? பதினாறு வருடமாக நான் பழத்தை இடது கையால் எடுத்து, அண்ணாந்து, உதட்டில் விரல் படாமல் வாய்க்குள் போடுகிறவள். அங்கே வேலை செய்த போலந்துப் பெட்டைகள் என்னைப் பார்த்து அப்படிப் போட்டுப் பார்த்து மூக்கில் வாங்கினார்கள். வலது கை கத்தரிக்கோலுக்கு. அது என் வாய்ப் பக்கம் வந்ததே இல்லை. இதை றோஸிடம் சொல்லு. மற்ற எதையும்விட இதுதான் எனக்கு எரிகிறது.

கழுவியதற்காக அவளில் எனக்குக் கோபம் இல்லை. அழுக்கென்று கண்டாள், கழுவினாள். முதல் வருடம் கிழவர் என் கையில் அந்தப் பழத்தைத் தந்தபோது நானும் பாவாடையில் துடைத்தேன்.

உன்னை மன்னிக்கவில்லை. எனக்கு ஒரு சொல்லோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்து உன் வீட்டுக் கூரையில் ஓட்டை அடைத்திருக்கிறாய். அதன்பிறகும் டிசம்பரில், எல்லாம் தெரிந்துகொண்டு, வருந்துகிறேன் என்று என்னையே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாய். என் முழங்காலையும் துணைக்குக் கூப்பிட்டாய். அந்தக் கடிதம் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

அக்கா விட்டுக்கொடுப்பா என்று நினைக்காதே. அந்த அக்காவை நீ இந்த வருடம் தேடாதே.

ஒக்டோபர் பதினைந்தாம் திகதிக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்து ஊரில் அறை பார்த்துவிட்டேன், உன் வீட்டில் தங்கமாட்டேன். அதற்குள் நீயே கத்ரினிடம் சொல்லு. சொல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்வேன். நாட்குறிப்பும் தராசும் கையில் இருக்கும்.

அனஸ்ரேசியா


மோசல்
04.09.2005

அக்கா,

மூன்று மாதமாக நித்திரை இல்லை. கடைசியாகக் கேட்கிறேன்.

லீசாவுக்கு இன்னும் மூன்று வருடப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்த வீட்டை விட்டால் எங்கே போவது? உங்களுக்குக் குடும்பமா, குட்டியா? ஒஸ்லோவில் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. உங்களுக்கு இதில் என்ன நட்டம்? ஒரு பெயர்தானே. அதுவும் ஆற்றங்கரையில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பெயர்.

இந்த வருடம் பூஞ்சணம் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிழவர் இருந்தால் சந்தோஷப்படுவார்.

யோசியுங்கள்.

வின்சென்ற்


ஹவுகன்ஸ்டுவா
11.09.2005

வின்சென்ற்,

குடும்பமா, குட்டியா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. நீ ஜேர்மனிக்கு வர ஏஜென்சிக்காரனிடம் அலைந்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அது ஏன் நின்றது என்று உனக்கும் தெரியும். அதை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, இனியும் சொல்லமாட்டேன். நீ எழுதியபடியால் எழுதினேன்.

ஒரு பெயர்தானே என்றும் எழுதியிருக்கிறாய். நான் யாரென்று கேட்டால் இங்கே சலவைப் பகுதியில் சொல்வார்கள், படுக்கை விரிப்பு மடிக்கிறவள். கோயிலில் சொல்வார்கள், வின்சென்ற்றின் தமக்கை. மீன் தொழிற்சாலையில் எனக்கு இலக்கம் இருந்தது, பதினேழு. அனஸ்ரேசியா என்றால் இன்னதைச் செய்யத் தெரிந்தவள் என்று சொன்ன இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு பேர் இருந்த அந்த மேசை. எனக்குப் பன்னிரண்டு பேர் போதும். அது எனக்கு யாரும் தந்தது இல்லை, நானே தேடியது. உனக்குத் தரமாட்டேன்.

விமானச் சீட்டில் மாற்றம் இல்லை.

அனஸ்ரேசியா


மோசல்
06.11.2005

அக்கா,

நீங்கள் ஆறு நாள் இங்கே இருந்தும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எழுதித்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

அன்று நீங்கள் அழைக்காமலே மேசைக்கு வந்து உட்கார்ந்து, தராசை ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். சொல்லத்தான் இருந்தேன். நம்பினால் நம்புங்கள். நீங்கள் எழும்பப் போனீர்கள். அதற்குள் சூப் பாத்திரத்தோடு நின்ற றோஸ் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முதல்நாள் நீங்கள் அவளைக் கண்டு என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டால், "மச்சாள் தன்ரை வாய்க்குள்ள பழம் போடுற விதத்தைக் காட்டினவ" என்று மட்டும் சொல்கிறாள்.

அவளுக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி உங்களுக்குத் தெரியும். "போன வருடம் நான் கழுவினது. மூன்று தரம். அனஸ்ரேசியா பிழை இல்லை" என்றாள்.

கத்ரின் ஏன் என்று கேட்டாள்.

"அழுக்கு" என்றாள் றோஸ்.

பாதாள அறைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போலந்துப் பெட்டைகள் சிரித்தார்கள். கத்ரினும் சிரித்தாள். நான்கூடச் சிரித்தேன். அப்போது கத்ரின் என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டாள். அன்று பின்னேரமே என்றேன். அதற்குப் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

அவள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டபோது நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, சூப்பைக் குடித்து முடித்து, மேல் வரிசைக்குப் போய்விட்டீர்கள். பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டினாள். நான் திறப்பைக் கொடுத்தேன். "கழுவியதை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பேன்; ஒரு வருடம் நீ பேசாமல் இருந்ததை யாருக்குச் சொல்வேன்?" என்றாள். வீடு இருக்கிறது. வேலை இருக்கிறது. திறப்பு இல்லை. இருபது வருடம் வேலை செய்து வாங்கிய திறப்பு. அன்று தொடக்கம் மற்றவர்களோடு சேர்ந்து பெட்டி தூக்குகிறேன்.

இந்த வருடத்துச் சாறு நூற்றெழுபத்திரண்டு. கத்ரின் உங்களுக்கு எழுதச் சொன்னாள். மேல் வரிசை இனி எப்போதும் உங்களுடையதாம்.

உங்களுடைய பெயர் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இருந்தது போய்விட்டது. இப்போது திருப்தியா?

வின்சென்ற்


ஹவுகன்ஸ்டுவா
20.11.2005

வின்சென்ற்,

திருப்தியா என்று கேட்டிருக்கிறாய். ஓம். திருப்தி.

நீ எதிர்பார்த்த பதில் இது இல்லை. உன் திறப்புக்காக நான் அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழவில்லை. அது இருபது வருடத்துக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னுடையது பதினாறு வருடத்துக் கஷ்டம். ஒரே நாளில் போவது எப்படி என்று நான் போன வருடம் பார்த்துவிட்டேன். பார்த்தபோது பக்கத்தில் நீ இருந்தாய்.

றோஸிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டாய். அவளை மிரட்டவில்லை. மேல் வரிசைக்குக் கூட்டிப்போய்ச் சுருங்கின பழம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பிறகு விரலை நக்கினாள். "மச்சாள், இதையோ நான் களைஞ்சனான்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சரிவில் அப்படியே குந்திவிட்டாள். அவளுக்கு நீ ஒரு வருடமாகச் சொல்லாததை ஒரு பழம் சொல்லிவிட்டது. மேசையில் எழும்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவளாகச் செய்தது. எங்கள் வீட்டில் ஒரு ஆளாவது எழும்பிச்சுதே என்று எனக்குச் சந்தோஷம்.

சொல்லத்தான் இருந்தேன் என்கிறாய். நம்பினால் நம்பச் சொல்கிறாய். நம்பவில்லை.

நீ என்னிடம் ஜேர்மன் மொழியில் இரண்டு வரி கேட்டாய். நான் உன்னிடம் தமிழில் ஒரு பக்கம் கேட்கிறேன். அந்தப் பின்னேரம் றோஸ் சொன்ன நேரத்திலிருந்து திங்கள் மத்தியானம் மேசைக்கு வந்த நேரம்வரை நீ என்ன செய்தாய், எங்கே நடந்தாய், எத்தனை தரம் என்னைக் கண்டாய், கண்டபோது என்ன கதைத்தாய் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நீ எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றாய், அதையும் எழுது. வீடு, லீசா, நிலைமை என்ற சொற்கள் அதில் வரக்கூடாது. வந்தால் தாளைத் திருப்பி அனுப்புவேன், திரும்ப எழுதவேண்டும். எத்தனை தரம் என்றாலும் அனுப்புவேன். எனக்கு நேரம் இருக்கிறது.

அனஸ்ரேசியா